குடிநோயாளியைச் சம்மதிக்க வைத்துத் தருவதாகச் சொல்லும் ஆலோசகர்கள்: பணம் கட்டுமுன் ஓர் எச்சரிக்கை

குடியை விட மறுக்கும் ஒருவரைச் சிகிச்சைக்கு இணங்க வைக்க, குடும்பத்தாரைக் கூட்டிப் பேச வைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணன் விஷயத்தில் நடந்துகொண்ட விதத்தை, அதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பத்தில் ஒன்பது பேர் அன்றைக்கே குடிநோய்ச் சிகிச்சை மையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று கூறித்தான் அவர் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கினார். வெர்னன் ஜான்சன் என்ற பாதிரியார் 1960களில் அமெரிக்காவில் உருவாக்கிய இந்த முறையை, 1999இல் வெளியான ஓர் ஆய்வு வேறு இரண்டு முறைகளோடு ஒப்பிட்டது. ஜான்சன் முறையில் பயிற்சி பெற்ற குடும்பங்களில் சுமார் 30 சதவீதத்தினரால்தான் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. மோதலின்றி, குடிக்காத நேரங்களைப் பாராட்டி ஊக்குவிக்கக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தரும் ‘கிராஃப்ட்’ முறையிலோ அது 64 சதவீதம். ஜான்சன் முறையில் பல குடும்பங்கள் அந்தச் சந்திப்பை நடத்தாமலே பின்வாங்கியது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். இப்படியொரு மாற்று வழி இருப்பதை அவர் எங்களிடம் வாய்திறந்து சொல்லவில்லை.

ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதை எழுதிப் படிப்பதுதான் அந்தச் சந்திப்பின் உயிர். அவரோ பெயருக்கு மட்டும் இடம்விட்ட அச்சடித்த கடிதங்களைக் கொடுத்தார். அம்மா படித்த அதே வரிகளை அண்ணியும் படித்தபோது, “இதை யார் எழுதிக் கொடுத்தது?” என்று அண்ணன் கேட்டார். மறுப்பதில் பலனில்லை என்ற சோர்வில்தான் அவர் காரில் ஏறினார்.

இதைவிடக் கொடியது மருத்துவத்தைப் பற்றிய அலட்சியம். அண்ணன் தெளிவாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்தே பாட்டில்களை அப்புறப்படுத்தச் சொன்னவர், நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார், விடிந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு மனக்குழப்பமும் மாயத் தோற்றங்களும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை இவை. அந்த மையத்தில் இரவில் மருத்துவரே இல்லை. மறுநாள் விடியுமுன் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. நாங்கள்தான் போய் மருத்துவமனையில் சேர்த்தோம்.

மையத்தின் ரசீதில் ‘பரிந்துரைக் கட்டணம்’ என்ற தலைப்பில் ஆலோசகரின் பெயர் இருந்தது. எங்களிடமும் வாங்கி, மையத்திடமும் வாங்கியிருக்கிறார். ஆளனுப்பக் கமிஷன் பெறுவதை அமெரிக்கா 2018இல் கூட்டாட்சிக் குற்றமாகவே ஆக்கியது. ஆகவே ஒருவரை அமர்த்துமுன், எந்த மையத்திடமிருந்தும் பணம் பெறுவதில்லை என்று எழுதி வாங்குங்கள். குடிப்பவரின் உடல்நிலையை முதலில் ஒரு மருத்துவரிடம் விவரித்துவிடுங்கள். இரவில் யார் பணியில் இருப்பார் என்று மையத்தையே நேரடியாகக் கேளுங்கள்.

ஆலோசகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, காரில் ஏற்றியதோடு தம் வேலை முடிந்தது என்றார். மையம் பல முறை கேட்ட பிறகு சிகிச்சைக் குறிப்பின் நகலை அனுப்பியது. வலிப்பு வந்த செய்தி அதில் எங்கும் இல்லை.