ப்ரோபாரா, தெஸ்தெயாரா? ஸ்பானிஷில் ‘டெஸ்ட்’ பண்ண எந்த வினை?

மென்பொருளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. உட்கார்ந்திருப்பது சென்னையில், வேலை மாட்ரிட்டில் ஒரு குழுவுக்கும் புவெனோஸ் ஐரெஸில் இன்னொரு குழுவுக்கும். முதல் ஆறு மாதம் ஆங்கிலத்திலேயே ஓட்டினேன், அப்புறம் பிழை அறிக்கைகளை ஸ்பானிஷில் எழுத ஆரம்பித்தேன். ரத்தம், பரீட்சை, மைக், அணுகுண்டு எல்லாவற்றையும் ‘டெஸ்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பழகியவர்களுக்கு அந்த மொழி முதல் குட்டு வைப்பதே இங்கேதான். அகராதியைத் திறந்தால் ப்ரோபார், கொம்ப்ரோபார், தெஸ்தார், தெஸ்தெயார், என்சயார், எக்ஸமினார் என்று வரிசை கட்டி நிற்கும். நான் ப்ரோபார் பக்கம். ஏன் என்று சொல்கிறேன், அது என்னைக் கவிழ்த்த கதையையும் சேர்த்தே.

ப்ரோபார் தமிழனுக்கு ஏற்கெனவே தெரிந்த வினை. நம்மிடம் ‘பார்’ என்று ஒரு துணைவினை இருக்கிறதே, சாப்பிட்டுப் பார், போட்டுப் பார், ஓட்டிப் பார், அந்தப் ‘பார்’தான் இது. ஒரு தட்டை உங்கள் பக்கம் நகர்த்தி “ப்ருவேபா எஸ்தோ” என்றால் கொஞ்சம் ருசித்துப் பாருங்கள் என்று அர்த்தம். துணிக்கடையில் “மே லோ புவேதோ ப்ரோபார்?” என்றால் போட்டுப் பார்க்கலாமா, போட்டுப் பார்க்கும் அறைக்குப் பெயரே ப்ரோபதோர். வினையோடு சேர்க்க நடுவில் ஓர் ‘ஆ’ போடுவார்கள்: “ப்ருவேபா ஆ ரெயினிசியார்”, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நம் ஊர் விழா மேடையில் “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்பதை அங்கே “ப்ரோபாந்தோ, ப்ரோபாந்தோ, உனோ, தோஸ், த்ரெஸ்” என்பார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் பொதுவாக ஓடுவது ஒன்றுதான்: என்ன ஆகும் என்று தெரியாமல் செய்து பார்ப்பது. விடை ஏற்கெனவே கையில் இருந்து, அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அது கொம்ப்ரோபார், நம் ‘சரிபார்’. கதவு பூட்டியிருக்கிறதா, கணக்கில் பணம் ஏறியதா, விலாசம் சரியா எல்லாம் இதற்குள் வரும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் பணம் கட்டிய ரசீதைக் கொம்ப்ரோபாந்தே என்பார்கள், சரிபார்க்க உதவும் தாள் என்ற பொருளில். வெரிஃபிகார் இதன் கோட்டு சூட்டு போட்ட அண்ணன், அவ்வளவுதான். தினசரி வேலையில் ஒரு வசதியைத் திறந்து தட்டிக்கொட்டிப் பார்த்தால் ப்ரோபார், போன வாரம் சொன்ன பிழை சரியாகிவிட்டதா என்று பார்த்தால் கொம்ப்ரோபார் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

சரி, எதிரணி. ஆங்கில ‘டெஸ்ட்’டிலிருந்து எடுத்த வினைக்கு ஸ்பானிஷில் இரண்டு உருவம், ஸ்பெயின் பக்கம் தெஸ்தார், அர்ஜென்டினா பக்கம் தெஸ்தெயார். இரண்டும் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதிக்குள் வந்துவிட்டவைதான், கொச்சை என்று யாரும் ஒதுக்க முடியாது. புவெனோஸ் ஐரெஸ் குழு பேசுவதே தெஸ்தெயார்தான், ஆளைக் கூட ‘டெஸ்டர்’ என்றே சொல்வார்கள். இதற்கு இரண்டு வசதி. ஒன்று, முரண்டு பிடிக்காத வினை: தெஸ்தெயோ, தெஸ்தெயாஸ், தெஸ்தெயா என்று சமர்த்தாகப் போகும். ப்ரோபார் அப்படி இல்லை, அழுத்தம் விழும் இடத்தில் ‘ஓ’ உடைந்து ப்ருவேபோ, ப்ருவேபாஸ் என்று ஆகும், ‘நாங்கள்’ என்றால் திரும்பவும் ப்ரோபாமோஸ். (அர்ஜென்டினாக்காரர்கள் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ போட்டுப் பேசுவதால் ஏவும்போது “ப்ரோபா” என்று நேராகச் சொல்லிவிடுவார்கள், அங்கே மட்டும் இந்தத் தொல்லை இல்லை.) இரண்டாவது வசதி பெரிது, தெஸ்தெயாருக்கு அர்த்தம் ஒன்றே ஒன்று. ஆனால் மாட்ரிட்டில் தெஸ்தெயார் என்றால் காதில் கொஞ்சம் உறுத்தும். தெஸ்தார் என்றால் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் உயில் எழுதுவது. “நேற்று முழுக்க தெஸ்தார் செய்தேன்” என்று எழுதிவிட்டு, சொத்து பத்தெல்லாம் யாருக்கு என்று கேலி வாங்கியிருக்கிறேன்.

ஆக இரண்டு ஊருக்கும் ஒரே அறிக்கையை அனுப்ப வேண்டியவனுக்கு ப்ரோபார்தான் வசதி. நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்கும் யூனிட் டெஸ்டுக்குக் கூட ‘ப்ருவேபாஸ் உனிதாரியாஸ்’ என்ற பெயர் இரண்டு பக்கமும் செல்லுபடி.

இனி நான் கவிழ்ந்த கதை. ஒரு கடைச் செயலியில் தள்ளுபடிக் கூப்பன் இரண்டு தடவை கழிகிறதோ என்று ஒரு சந்தேகம். உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஒரு தடவைதான் கழிந்தது. நிம்மதியாக அறிக்கையில் “எமோஸ் ப்ரோபாதோ கே எல் தெஸ்குவேந்தோ ஸே அப்லிகா தோஸ் வேஸெஸ்” என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தள்ளுபடி இரண்டு தடவை கழிகிறதா என்று சோதித்தோம் என்பது என் நினைப்பு. அங்கே படித்தவர்களுக்குக் கிடைத்தது, ‘தள்ளுபடி இரண்டு தடவை கழிகிறது என்று நிரூபித்துவிட்டோம்’. காலையில் எழுந்து பார்த்தால் அன்றைய வெளியீட்டை நிறுத்தி வைத்துவிட்டு நாலு பேர் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம், ப்ரோபாருக்கு ‘நிரூபி’ என்றும் ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்தின் ‘ப்ரூவ்’ வந்ததும் இதே லத்தீன் வேரிலிருந்துதான். நீதிமன்றத்தில் சாட்சியமும் ப்ருவேபா, பள்ளியில் வைக்கும் சோதனையும் ப்ருவேபா. எந்தப் பொருள் என்பதை முடிவு செய்வது அடுத்து வரும் குட்டிச் சொல். ‘கே’ வந்தால் நிரூபணம், ‘ஸி’ வந்தால் சோதனை. நான் எழுதியிருக்க வேண்டியது “எமோஸ் ப்ரோபாதோ ஸி...”.

யோசித்தால் இது நமக்குப் புதிதே இல்லை. ‘கழிகிறது என்று பார்த்தோம்’, ‘கழிகிறதா என்று பார்த்தோம்’, இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ‘ஆ’தான், அந்த ‘ஆ’தான் ஸ்பானிஷின் ‘ஸி’. தமிழில் அதை விட்டுவிட்டால் சின்னப் பிள்ளைகூடத் திருத்தும், ஆனால் நான் ஸ்பானிஷ் வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகக் கட்டிக்கொண்டிருந்ததால் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கொம்ப்ரோபாரிலும் இதே கண்ணிதான்: “கொம்ப்ருவேபா கே...” என்று ஏவினால் ‘சரிபார்’ என்று மட்டும் அர்த்தம், “எமோஸ் கொம்ப்ரோபாதோ கே...” என்று இறந்தகாலத்துக்குப் போனால் ‘உறுதி செய்துவிட்டோம்’ என்று ஆகிவிடும். சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் எந்த வினையாக இருந்தாலும் ‘ஸி’ போட்டுவிடுங்கள். தெஸ்தெயாரில் இந்தத் தலைவலியே கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அது எதையும் நிரூபிக்காது.

ப்ரோபார் செல்லாத இடங்களும் உண்டு. முக்கியமானது உடம்பு. “என் ரத்தத்தை டெஸ்ட் பண்ணினார்கள்” என்பதற்கு ப்ரோபார் போட்டால் யாரோ ருசி பார்த்த மாதிரி ஆகிவிடும். அங்கே சொல்ல வேண்டியது “மே ஈஸே உன் அனாலிஸிஸ் தே ஸாங்ரே”, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். அந்த ‘மே’ நம் ‘கொண்டேன்’ மாதிரி, அதை விட்டால் நீங்களே ஊசி எடுத்து யாருக்கோ செய்தது போல இருக்கும். ‘டெஸ்டட் பாசிட்டிவ்’ என்பதற்கு டெஸ்டே வேண்டாம், “தியோ பொஸிதீவோ”, பாசிட்டிவ் கொடுத்தார், அவ்வளவுதான். கண் பரிசோதனைக்கு ஸ்பெயினில் ‘க்ரதுவார்ஸே லா வீஸ்தா’ என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை கதையே வேறு. பரீட்சை எழுதுவதற்கு ஸ்பெயினில் எக்ஸமினார்ஸே என்பார்கள், அல்லது பரீட்சை ‘செய்வார்கள்’, அர்ஜென்டினாவில் ‘ரெந்தீர்’, மெக்சிகோவில் ‘ப்ரெஸெந்தார்’. மெக்சிகோ ஆட்களோடு நான் வேலை செய்ததில்லை, எனவே அந்தப் பக்கம் கேள்வி ஞானம் மட்டும்தான். தேறினால் எல்லா ஊரிலும் அப்ரோபார், தேறாவிட்டால் ஸ்பெயினில் ‘ஸுஸ்பெந்தேர்’.

என்சயார் என்றால் நாடக ஒத்திகை. ஆய்வுக்கூடமும் அதற்கே சொந்தம்: சோதனைக் குழாய், மருந்துச் சோதனை, அணுகுண்டுச் சோதனை எல்லாம் ‘என்சயோ’தான். மென்பொருளுக்கு இதைப் போட்டால் நடிகர்கள் எங்கே என்று கேட்பார்கள். ஒயினை முறையாகச் சுவைத்து எடைபோடுவது ‘கத்தார்’. அந்த வளைகுடா நாட்டின் பெயரையும் ஸ்பானிஷில் அச்சு அசலாக இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், பொருத்தம் யார் பார்த்தார்களோ.

மாட்ரிட் குழுவின் பலகையில் ‘ப்ரோபாதோ’ என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கிறது. சோதித்தாயிற்றா, நிரூபித்தாயிற்றா என்று அந்தச் சொல்லே சொல்லாது. அதனால் ஒரு வேலையை அங்கே நகர்த்தும்போதெல்லாம் கீழே ஒரு வரி போட்டுவிடுகிறேன்: “ஃபுன்ஸியோனா” அல்லது “நோ ஃபுன்ஸியோனா”. வேலை செய்கிறது, செய்யவில்லை.