ஓடூ: 24 மேசைக்கு ஒரே பிஓஎம்

ஒரு மேசைக்கு 3 அளவு, 4 நிறம், 2 வகைக் கால் என்றால் 24 வேரியன்ட், அதாவது 24 மாற்று வடிவம். ஓடூ என்ற வணிக மேலாண்மை மென்பொருளில் இத்தனைக்கும் ஒரே பிஓஎம் (பொருளைச் செய்யத் தேவையான பாகங்களின் பட்டியல்) போதும். அதன் பெரிய பலம் இதுதான்.

பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு பாகம். சில வேரியன்டுக்கு மட்டுமான பாகத்தின் வரியில் 'அப்ளை ஆன் வேரியன்ட்ஸ்' கட்டத்தை நிரப்ப வேண்டும். கறுப்பு, வெள்ளை இரண்டையும் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். கறுப்புடன் எஃகுக் காலையும் கொடுத்தால் இரண்டுமே பொருந்த வேண்டும். காலியாக விட்டால் அந்தப் பாகம் எல்லா மேசைக்கும் போகும். தவறு பெரும்பாலும் இங்கேதான்: கறுப்பு பெயின்ட் வரியில் அதை நிரப்ப மறந்துவிட்டால், வெள்ளை மேசையின் ஆர்டரிலும் கறுப்பு பெயின்ட் வந்து நிற்கும். பிஓஎம்மின் மேலேயே ஒரு வேரியன்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டமே காணாமல் போகும்.

பெரிய குறை, ஒரு வரியில் பாகம் எவ்வளவு தேவை என்பதற்குச் சூத்திரம் எழுத முடியாதது. 120, 150, 180 செ.மீ. மேசைப் பலகைக்கு 3 வரி தனித்தனியே போட்டாக வேண்டும்.