கீசர் வால்வு சொட்டினால் அடைக்க விடாதீர்கள்

கோவையில் எங்கள் வீட்டில் இருப்பது 25 லிட்டர் கீசர். தண்ணீர் சூடாகும்போது அதன் பாதுகாப்பு வால்வு சொட்டியது. பார்க்க வந்த மெக்கானிக் "வால்வு போச்சு சார், மாத்திடலாம்" என்றார். புது வால்வுக்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டார். சொட்டும் நின்றது.

அப்புறம் காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் சீறிக்கொண்டு வரும், உடனே அடங்கிவிடும். கொஞ்ச நாளில் தொட்டியின் அடிப்பக்க வெல்டிங் கசிய ஆரம்பித்தது. வேறொருவரை அழைத்துக் கழற்றிப் பார்த்தால் அதே பழைய வால்வு! தண்ணீர் வெளியேறும் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார். போனில் கேட்டால், "60 டிகிரியில தெர்மோஸ்டாட் கட் ஆயிடும். தண்ணி கொதிக்கவே கொதிக்காது, பிரஷர் எங்கிருந்து சார் வரும்?" என்கிறார்.

பணம் போனதைவிட இந்தப் பதில்தான் பயமாக இருக்கிறது. அழுத்தம் வர ஆவி தேவையே இல்லை. 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் 1.4 சதவீதம் விரியும்; 25 லிட்டருக்கு ஏறக்குறைய 350 மில்லி. அந்த 350 மில்லிதான் வால்வு வழியே சொட்டுகிறது. இதே வால்வு தண்ணீரைக் குளிர்நீர்க் குழாய்க்குள் திரும்பவும் விடாது. ஆகவே துளையை அடைத்தால் போக்கிடம் இல்லை. காற்றே இல்லாமல் நிரம்பிய, சற்றும் விரியாத கலத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தம் ஏறும். இரும்புத் தொட்டி கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அவ்வளவு ஏறாதுதான். ஆனால் பல வீட்டு கீசர்களின் தகட்டில் அதிகபட்ச அழுத்தமாகப் போட்டிருக்கும் 8 பாரைத் தாண்ட இந்த 35 டிகிரி ஏற்றம் தாராளமாகப் போதும்.

தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதானால் இன்னும் மோசம். 150 டிகிரியில் ஆவியழுத்தமே கிட்டத்தட்ட 4.8 பார், 180 டிகிரியில் 10 பார். அந்த நிலையில் தொட்டி வெடித்தால் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். பக்கத்தில் இருப்பவர் கதி என்ன?

தயவுசெய்து இன்றே பாருங்கள். ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு வால்வின் லீவரைத் தூக்கினால் தண்ணீர் வர வேண்டும். வால்வு மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதியதில் பொறித்திருக்கும் பார் அளவு, கீசர் தகட்டில் உள்ளதைத் தாண்டக் கூடாது.