பழைய ஸ்டீல் மவுண்டன் பைக்கில் புதுப் பாகங்கள்: மூன்று வருட அனுபவம்

தொண்ணூறுகளில் வந்த குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், 26 அங்குலச் சக்கரம், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், முன்னால் மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் எட்டு கியர். இதைச் சீரமைத்து ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அந்த ஃப்ரேம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது ஓட்ட ஓட்டத்தான் புரிந்தது.

அதிக நாள் எடுத்தது சீட் போஸ்ட். அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் பல வருடம் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் இரண்டும் அரித்துப்போய் ஒன்றாக இறுகிவிடும். ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கத்திலிருந்து துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் விட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு போஸ்ட்டின் தலையை வைஸில் இறுக்கிவிட்டு ஃப்ரேமையே பிடித்துத் திருப்பினேன். கறகறவென்று ஒரு சத்தம், அப்புறம்தான் அசைந்தது. பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டிலும் கவனம் வேண்டும். ஆங்கில மரை என்றால் வலப்பக்கக் கப் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் இழுத்தால் மேலும் இறுகும்.

பின்சக்கரத்தின் பழைய எட்டு கியர் ஹப்பிலேயே (சக்கரத்தின் மையப் பகுதி) 10 கியர் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) உட்கார்ந்துவிட்டது. முன்னால் 32 பல் கொண்ட ஒரே செயின்ரிங், பின்னால் 11 முதல் 42 பல் வரை. முன்பு முன்னால் 22 பல்லும் பின்னால் 28 பல்லும் தந்ததைவிட ஏற்றத்தில் கொஞ்சம் இலகுவாகவே இருக்கிறது. சமதளத்தில் வேகம் குறைந்தது உண்மை, பழைய 42 பல் செயின்ரிங்கை அங்கே நினைத்துக்கொள்வேன். ஆனால் செயினை இறுக்கமாகப் பிடித்துவைக்கும் கிளட்ச் உள்ள டெரெய்லர் (கியர் மாற்றும் பாகம்) வந்த பிறகு கல் பாதையில் செயின் ஒருமுறைகூடக் கழன்றதில்லை. எனக்கு அதுவே பெரிது.

ஹேண்டில்பாரில்தான் தப்பு செய்தேன். புது பைக்குகளைப் பார்த்து 720 மி.மீ. பாரும் 50 மி.மீ. ஸ்டெமும் (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) போட்டேன். பழைய ஃப்ரேமின் நீளமே குறைவு; நீள ஸ்டெமை நம்பித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் முழங்கால் கைக்கு அருகில் வந்தது, ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கியது. 80 மி.மீ. ஸ்டெம் மாற்றியதும் சரியானது.

டிஸ்க் பிரேக் மாட்ட இடமில்லை, அதனால் ரிம்மை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வி-பிரேக். பழைய லீவரையே வைத்துப் பார்த்தபோது அது பார் வரை வந்தும் பிடி போதவில்லை. வி-பிரேக்குக்கு அதிக கேபிள் இழுக்கும் லீவர் வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காய்ந்த தரையில் நம்பிக்கையாகப் பிடிக்கிறது. மழையில் ரிம்மின் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கும். மூன்றாம் வருடம் பின் ரிம்மின் பக்கச்சுவர் உள்வாங்கித் தேய்ந்திருந்ததால் புது ரிம் கட்ட வேண்டியிருந்தது.

டயர் 2.1 அங்குலம் போதும். 2.25 போட்டு ஓட்டியதில் சேறு அடைத்து, பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் ஃப்ரேம் குழாயான செயின் ஸ்டேயின் பெயின்டைத் தேய்த்துவிட்டது. செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுவேன். இதுவரை இரண்டு செயின் போயிருக்கிறது, கேசட் முதலில் போட்டதேதான்.

சீட் போஸ்ட்டை இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் பூசி இறக்குகிறேன். போன வாரம்கூட எடுத்தேன். ஒரு கையால் திருப்பியதும் மேலே வந்துவிட்டது.