4,299 ரூபாய் போச்சு: மலிவு விலையில் ‘2 டிபி எஸ்எஸ்டி’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"உங்கள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, சார்." இன்று காலை வந்த கடைசிப் பதில் இதுதான். 4,299 ரூபாய்! பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில், தளமே சரிபார்த்த விற்பனையாளர் என்று டிக் போட்டிருந்த கடையில் வாங்கிய 2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது யுஎஸ்பியில் செருகி ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ். உள்ளே இருந்தது 64 ஜிபி மெமரி கார்டு. யுஎஸ்பியில் காப்பி மெதுவாகப் போனால் எது நம் கம்ப்யூட்டரின் கோளாறு, எது பொருளிலேயே உள்ள மோசடி என்று பிரித்துப் பார்க்கும் வழியை விவரமாக எழுதிவிடுகிறேன். இன்னொருவர் மாட்டக் கூடாது.

நம்பவைத்தது ஒரே ஒரு எண். டிரைவைச் செருகியதும் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியது. 2 டிபி என்று விற்கும் அசல் டிரைவும் அப்படித்தான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. கணக்கு அச்சாகப் பொருந்தியது. அலுமினியக் கூடு, கையில் நல்ல கனம். 2 ஜிபி வீடியோ ஒன்றைப் போட்டதும் ஏறியது, ஓடியது. முதல் நாள் சந்தேகப்பட எதுவுமே இல்லை. அந்தத் தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் இந்த இடத்தோடு நிறுத்தியவர்கள்தான். ‘பேக்கிங் அருமை, டெலிவரி சீக்கிரம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய அன்றைக்கே 2 டிபியை யார் நிரப்பிப் பார்க்கிறார்கள்?

இரண்டாம் நாள் 140 ஜிபி ஃபோல்டரை ஏற்றினேன். தொடக்கத்தில் நொடிக்கு 90 எம்பி. சில நிமிடத்தில் 9. அப்புறம் பூஜ்யம், மறுபடி 12, மறுபடி பூஜ்யம். தொடக்கத்தில் தெரியும் அந்த வேகத்தை யாரும் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரின் ராமிலோ டிரைவின் சின்னத் தற்காலிக இடத்திலோ ஏறுகிற வேகம் அது. அது நிரம்பிய பிறகு வருவதுதான் டிரைவின் உண்மையான வேகம்.

அன்றே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அங்கிருந்துதான் ரிட்டர்னுக்கான ஏழு நாளையும் தின்றார்கள். "போர்ட்டை மாற்றிப் பாருங்க சார்." மாற்றினேன். மறுநாள் வேறொருவர்: "கேபிளை மாற்றிப் பாருங்க சார்." நான்காம் நாள்: "என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து பாருங்க." ஐந்தாம் நாள், கம்ப்யூட்டரின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். ஆறாம் நாள், என் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். எட்டாம் நாள் ரிட்டர்ன் பட்டனே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய ஆள், முதலிலிருந்து கதை. விற்பனையாளருக்குப் போன் போட்டால், "கம்பெனிதான் சார் பார்க்கணும்." எந்தக் கம்பெனி? பெட்டியில் ஒரு முகவரிகூட இல்லை.

அவர்கள் சொன்ன வைத்தியமெல்லாம் பொய்யில்லை, வேறு நோய்க்கானது. 10 ஜிபிக்குக் குறையாத ஒரே ஃபைலைக் காப்பி செய்து வேகம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நொடிக்கு 30 முதல் 40 எம்பியில் சீராக நின்றால், யுஎஸ்பி 2.0 பாதையில் போகிறது என்று அர்த்தம். அதன் உச்சம் 480 மெகாபிட், கையில் கிடைப்பது அவ்வளவுதான். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் நீலப் போர்ட்டில் (வேகமான யுஎஸ்பி 3.0) செருகுங்கள். மொபைல் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை 2.0 வேகம் மட்டுமே தரும்; அதையும் மாற்றுங்கள். 20, 30 ஜிபி வரை வேகமாகப் போய், பிறகு குறைந்த வேகத்தில் சீராக நின்றால் அது மலிவான அசல் எஸ்எஸ்டியின் சுபாவம். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் எந்த டிரைவிலும் மெதுவாகத்தான் போகும். அடிக்கடி பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால் மட்டும் பொருளைச் சந்தேகப்படுங்கள்.

டிரைவ் எந்த யுஎஸ்பி வேகத்தில் இணைந்திருக்கிறது என்று யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். ‘சூப்பர்ஸ்பீட்’ என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘ஹைஸ்பீட்’. பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் அது பழைய 480 மெகாபிட்தான். நல்ல கேபிள், பின்பக்க நீலப் போர்ட், அப்படியும் இதேதான். அடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ. டிரைவில் தானே ஃபைல்களை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள். முழு 2 டிபியையும் இந்த வேகத்தில் எழுத இரண்டரை நாள் ஆகும் என்பதால் 1,50,000 எம்பி மட்டும் எழுதச் சொன்னேன். எழுதவே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிவு சிவப்பில் வந்தது: 59 ஜிபி சரி, 87 ஜிபி காணோம்.

மோசடி நடக்கும் விதம் இதுதான். உள்ளே டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் ஃபர்ம்வேரை (சிப்பிலேயே பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி, ‘நான் 2 டிபி’ என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை அது வாங்கிக்கொண்டே தூக்கி எறியும். சில டிரைவ்கள் முதலில் எழுதியதன் மேலேயே திரும்ப எழுதும். ஃபைலின் பெயரும் அளவும் தனிப் பட்டியலில் இருப்பதால் எல்லாம் ஏறியது போலவே தெரியும், திறந்தால்தான் ஒன்றுமிருக்காது. நான் காப்பிதான் செய்தேன். கட் செய்து ஒட்டியிருந்தால் அந்த 140 ஜிபி ஃபோல்டரில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

ரிட்டர்ன் இல்லை என்றானதும் கூட்டைப் பிரித்தேன். சின்னதாக ஒரு பச்சை சர்க்யூட் போர்டு, அதன் மேல் பசை வைத்து ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டு. மீதி இடத்தில், கனத்துக்காக ஓர் இரும்புத் துண்டு. கையில் பிடித்ததும் நம்ப வைத்த அந்தக் கனம் இதுதான். 4,299 ரூபாய்க்கு ஒரு கார்டும் ஓர் இரும்புத் துண்டும்!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லியாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட் பெட்டியில் பேசிப் பேசி நாளைக் கடத்தாமல் முதல் நாளே அந்த அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். நான் அனுப்பவில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன், இன்று இதற்குமேல் முடியவில்லை. அவசரமாகச் சிலது: பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூவை ஓடவிடுங்கள். லினக்ஸ், மேக் என்றால் அதே வேலையைச் செய்யும் எஃப்3. சரிபார்த்து முடியும் வரை மூல ஃபைல்களை அழிக்காதீர்கள். ஃபார்மேட் பண்ணு, கேபிள் மாற்று என்று இழுத்தடித்தால், முதலில் ரிட்டர்ன் பட்டனை அழுத்திவிட்டு அப்புறம் பேசுங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி 4,299 ரூபாய்க்கு வந்தால் தொடவே தொடாதீர்கள். ஆணையத்துக்கு வேண்டிய பில், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இப்போதுதான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புகார் எண் வந்ததும் சொல்கிறேன்.