கணப்புக்கு கேஸ் இழுக்க: கறுப்பு இரும்பா, மஞ்சள் நெளிகுழாயா?

எந்த கேஸ் கணப்பு (ஃபயர்பிளேஸ்) வாங்குவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கல் பதித்ததா, கண்ணாடி மட்டுமா, மேலே டிவி வைக்கலாமா என்றெல்லாம் வீட்டில் பெரிய விவாதம். அதற்கு கேஸ் எந்த வழியாக வரும் என்று மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் பேஸ்மென்டை அளக்க வந்த ஃபிட்டர்தான், "இரும்புக் குழாயா, நெளிகுழாயா?" என்று கேட்டு விழிக்க வைத்தார்.

கறுப்பு இரும்பு என்பது பழைய முறை. துண்டு துண்டாக வெட்டி, மரை போட்டு, பசை தடவி முறுக்கி இணைப்பது. நெளிகுழாய் என்பது துருவேறா எஃகில் மடிப்பு மடிப்பாகச் செய்து, மேலே மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டது. சுருளாக வரும். தோட்டத்து ஹோஸ் மாதிரி உத்தரங்களுக்கு நடுவே நுழைத்து இழுத்துக்கொண்டே போகலாம். நாங்கள் இரும்பை எடுத்தோம். மார்க்கம் நகரில் இருக்கும் மச்சான் தன் வீட்டில் நெளிகுழாய் போட்டிருக்கிறார். ஆகவே இதில் நான் நடுநிலைக்காரன் இல்லை.

செலவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குழாய் விலை பெரிய விஷயமே இல்லை, கூலிதான். மச்சான் வீட்டில் அரை நாளில் முடிந்த வேலை எங்களுக்கு ஒன்றரை நாள் இழுத்தது.

நெளிகுழாய்க்காரர்கள் சொல்வதில் ஒன்று மறுக்க முடியாதது. கசிவு பெரும்பாலும் இணைப்பில்தான் வரும். சுருளை ஒரே நீளமாக இழுத்தால் இணைப்பு இரண்டு முனையிலும் மட்டுமே. எங்கள் இரும்புக்கு ஏழு முழங்கை, ஒவ்வொன்றிலும் இரண்டு மரை. எண்ணிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆனால் கேஸ் விடும் முன் காற்றை அழுத்தி ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். முள் அசையவில்லை.

அப்படியிருந்தும் நான் இரும்புப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஆணி. குழாய் போட்ட அன்றைக்கு எல்லாமே பத்திரமாகத்தான் இருக்கும். அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்து, வண்ணம் பூசி, ஐந்து வருடம் கழித்து மகன் அலமாரி மாட்ட டிரில்லோடு வருவானே, அன்றைக்கு என்ன ஆகும்? அரை அங்குல இரும்புக் குழாயின் சுவர் ஏறக்குறைய 2.8 மி.மீ. தடிமன். நெளிகுழாயின் தகடு கால் மி.மீ. அளவுதான். திருகாணி இரும்பில் பட்டால் பெரும்பாலும் வழுக்கும், சத்தம் போடும், நம்மை நிறுத்த வைக்கும். நெளிகுழாயில் அது நேரே உள்ளே போய்விடலாம்.

இதற்காகத்தான் நெளிகுழாய் மரச்சட்டங்களைக் கடக்கும் இடங்களில் எஃகுத் தகடு அடிக்கிறார்கள். சட்டங்களுக்கு நடுவே அதை இறுக்கிக் கட்டாமல், ஆணி பட்டால் விலகிக்கொடுக்கும்படி தளர்வாக விட வேண்டும். மச்சான் டிவி மாட்டும்போது திருகாணி ஒன்று அந்தத் தகட்டில் முட்டி நின்றது. தகடு வேலை செய்தது என்பார் அவர். ஓர் அங்குலம் தள்ளி இறங்கியிருந்தால் என்பேன் நான். இந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

இன்னொன்று மின்னல். வீட்டின் மேலோ அருகிலோ மின்னல் விழும்போது மின்சாரம் குழாய்க்குத் தாவி, மெல்லிய தகட்டில் பொட்டுத் துளை போட்ட சம்பவங்கள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. அதனால்தான் நெளிகுழாய் போட்டால் கேஸ் குழாயைச் செம்புக் கம்பியால் வீட்டின் மின் எர்த்தோடு இணைக்கச் சொல்கிறார்கள். இந்தக் கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். மச்சான் வீட்டில் அது இருக்கிறது. ஆனால் அங்கே மூன்று குளிர்காலம்தான் ஓடியிருக்கிறது. அதை வைத்து இருபது வருடத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எதை எடுத்தாலும் சில விஷயம் மாறாது. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் உரிமம் உள்ள ஃபிட்டர்தான் கேஸ் வேலையைத் தொடலாம். "நானே முறுக்கிடுவேன்" என்ற பேச்சே வேண்டாம். புதிதாக மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) கேட்கும் கணப்பைச் சேர்த்தால், ஏற்கெனவே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் சுடுநீர்த் தொட்டிக்கும் போகும் குழாய் அதையும் தாங்குமா என்று நீளத்தோடு கணக்குப் போட வேண்டும். நெளிகுழாயின் மடிப்புகள் கேஸை இழுத்துப் பிடிக்கும் என்பதால் அதற்கு இன்னும் கவனம் தேவை. மூடும் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் குட்டி இணைப்புக் குழாயை நெளிகுழாய் என்று நினைத்துச் சுவருக்குள் விட்டுவிடாதீர்கள். அது கருவிக்கும் வால்வுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மட்டும். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இங்கே சட்டப்படியே கட்டாயம்.

சரி, எப்போது நெளிகுழாய் போடலாம்? மேல்மாடியில் கணப்பு, கூரையும் சுவரும் ஏற்கெனவே மூடி முடித்தாகிவிட்டது என்றால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். இரும்புக்காக நாலு இடத்தில் சுவரை உடைப்பது பைத்தியக்காரத்தனம். எங்கள் பேஸ்மென்ட் அப்போது திறந்து கிடந்தது. பலகை அடிக்கும் முன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துக் குழாய் போகும் பாதை முழுவதையும் படம் எடுத்து வைத்தேன். மச்சான் எடுக்கவில்லை. இப்போது அவர் ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.