அக்கா வீடா, ஹோமா, அதே வீடா: ஃப்ரஜைல் எக்ஸ் உள்ள தம்பிக்கு எது?

"எங்களுக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் அப்பா அம்மா இதை வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே பல வீடுகளில் பதில் முடிவாகியிருக்கும்: அக்காதான் இருக்கிறாளே! என் தம்பிக்கு முப்பது வயது நெருங்குகிறது. அந்த அக்கா நான்தான். ஆகவே இந்த அலசலை நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவனுக்கு இருப்பது ஃப்ரஜைல் எக்ஸ். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு அடுத்தடுத்து வரும். பெரும்பாலானவர்களுக்கு அது 45 தடவைக்குள் அடங்கிவிடும். 200ஐத் தாண்டினால் மரபணு வேலையை நிறுத்திவிடுகிறது. 55 முதல் 200 வரை உள்ளவர்கள் கேரியர், அதாவது பெரும்பாலும் தங்களுக்கு அறிவுசார் குறைபாடு இல்லாமலே இந்த மாற்றத்தைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்கள். பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக்கு அதிகம் காணப்படும் காரணம் இதுதான். சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால் வந்தது என்று உறவில் பேசுவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா மட்டும் கேரியராக இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எக்ஸ் போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

முதலில் அக்கா வீடு. இதன் பலம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த முகம், தெரிந்த சாப்பாடு, செலவும் குறைவு. குக்கர் சத்தம் அவனுக்கு ஆகாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது விசில் வருவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவான். "நாளைக்கு என்ன டிபன்?" என்று பத்துத் தடவை கேட்டால் அது டிபனைப் பற்றிய கேள்வி அல்ல, பதற்றம் என்று எனக்குப் புரியும்.

ஆனால் பரம்பரை நோயில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் என்று குடும்பம் நம்பியிருக்கும் ஆளுக்கும் அதே மரபணு வந்திருக்கலாம். எனக்கு வந்திருக்கிறது, நான் கேரியர். கேரியர் பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை தளர்ந்து மாதவிடாய் தடுமாறும். ஐம்பதைத் தாண்டிய கேரியர் ஆண்கள் பலருக்கும், பெண்களில் சிலருக்கும், கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரும். கேரியரான அப்பா தன் மகள்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிடுவார், மகன்களுக்குக் கொடுக்கமாட்டார். ஆக தாத்தா, அம்மா, சித்தி, அக்கா என்று வரிசையாக நிற்கும் ஆட்கள் எல்லாருமே ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள். அக்காவுக்கே நாளைக்கு இதே குறைபாட்டோடு ஒரு பிள்ளை பிறக்கலாம். தம்பியை அக்காவிடம் ஒப்படைப்பதற்கு முன், ஏன் அவள் கல்யாணத்துக்கே முன், டிஎன்ஏ பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும் செய்துகொள்வது நல்லது. சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இது தப்பிவிடக்கூடும் என்பதால், எஃப்எம்ஆர்1 பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஹோம், அதாவது இவனைப் போன்றவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். "தள்ளிவிட்டுட்டாங்க" என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. ஒரு ஆளின் ஆயுளை நம்பி நிற்காத ஏற்பாடு இது ஒன்றுதான். என் கவலை வேறு. நான் போய்ப் பார்த்த ஒரு ஹோமில் சுத்தத்துக்குக் குறையில்லை, ஊழியர்களும் அன்பானவர்கள்தான். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எவர்சில்வர் தட்டு போட்டார்கள். கூரை உயரம் வேறு. அந்தச் சத்தத்தில் என் தம்பி ஒரு கவளம்கூட இறக்கமாட்டான். ஃப்ரஜைல் எக்ஸ் உள்ளவர்களுக்குச் சத்தம், கூட்டம், முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசுவது, திடீர் மாற்றம் எல்லாமே கஷ்டம். ஆகவே ஹோம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் போங்கள். முன்பந்தியில் தனியாகச் சாப்பிட வைப்பார்களா, இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படியான பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தோடு பெரிய முன்பணம் கேட்கும் இடங்களும் உண்டு.

மூன்றாவது, அவன் இப்போது இருக்கும் வீட்டிலேயே இருப்பது. பகலில் தொழிற்பயிற்சி மையம், காலை மாலை சம்பளத்துக்கு ஒரு ஆள். வழக்கம் மாறாது என்பதால் அவனுக்கு இதுதான் சுகம். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆள் திரும்பி வராவிட்டால் ஏற்பாடு அன்றே நின்றுவிடும். அப்பா அம்மா இருக்கும்வரை ஓடும். அதற்குப் பிறகு மேற்பார்வை யார்? சுற்றிச் சுற்றி மறுபடியும் அக்காதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சொத்து விஷயத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றை நான் எதிர்க்கிறேன். "வீட்டை உன் பேருக்கு எழுதிடறோம், அவனைப் பார்த்துக்கோ" என்பார்கள். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் வீடு என் வாரிசுகளுக்குப் போய்விடும், தம்பி நடுத்தெருவில் நிற்பான். அவன் நலனுக்கென்றே வக்கீல் வைத்து டிரஸ்ட் எழுதுவது இதைவிட எவ்வளவோ மேல். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடச் சட்டக் காப்பாளர் உத்தரவு தேவைப்படும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைத் தரும். நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். காப்பாளர் ஏமாற்றினால் நீக்கவும் வழி உண்டு. என் பேருக்கு எழுதிவைத்தால் என்னைக் கணக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் நான் சொன்னது: இப்போதைக்கு அதே வீடு, பகலில் மையம். கூடவே, அப்பா அம்மா திடமாக இருக்கும்போதே, சாப்பாட்டை முன்னதாகத் தனியாகத் தர ஒப்புக்கொள்ளும் ஒரு சின்ன ஹோமில் அவ்வப்போது இரண்டு இரவு தங்கிப் பழகுவது. துக்க வீட்டிலிருந்து நேராக ஹோமுக்குக் கூட்டிப்போனால் அவனால் தாங்க முடியாது. என் வீடு மூன்றாவதாக, விருந்தாளியாக வந்துபோக. அம்மாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. அப்பா மட்டும் டிரஸ்ட் எழுத வக்கீலிடம் பேசியிருக்கிறார். அரசு வேலையில் இருந்தவர் என்பதால், குடும்ப ஓய்வூதியம் தம்பிக்கு ஆயுள் முழுக்க வரும்படி அவன் பெயரையும் மருத்துவச் சான்றையும் பதிவு செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறார்.